அங்குலக் கணக்கில் என் கோபம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், சர்க்கார் கச்சேரியில் எனக்குக் குமாஸ்தா வேலை. வயது முப்பதுகூட நிரம்பவில்லை. ஆனால் கோபத்தில் அந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை இப்போது பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நாளில் இதைப் பெருமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் சொல்லி வைக்கிறேன்.

குமாஸ்தா வேலையோடு இன்னொரு பொறுப்பும் என் தலையில் இருந்தது. மழை அளப்பது. கச்சேரிக்குப் பின்னால் வெட்டவெளியில் ஒரு செப்புக் குழாயைப் பாதி மண்ணில் புதைத்து வைத்திருப்பார்கள். அதன் வாயில் ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில். பெய்கிற மழை அந்தப் பாட்டிலில் இறங்கும். தினமும் காலை எட்டு மணிக்கு அதை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, எத்தனை அங்குலம், எத்தனை சென்ட் என்று ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக்குச் சென்ட் என்று பெயர். மழை இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுத வேண்டும். எங்கள் பக்கத்து வானத்தைப் பற்றித்தான் தெரியுமே, வருஷத்தில் முக்கால்வாசி நாள் 'இல்லை'தான். கோடையில் வெளியே போய்ப் பார்க்காமலே ஒரு வாரத்துக்குச் சேர்த்து 'இல்லை' எழுதி வைத்ததும் உண்டு. இனிமேல் யார் வந்து கேட்கப் போகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். ஐந்து வயது. ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம், "காச்சல்ல போயிருச்சு" என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். அதற்கு மேல் எவராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். மனைவி மகளைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தாலும் அப்படித்தான். நாலைந்து தடவை பார்த்துவிட்டு அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு என் கோபம் முன்னைப் போல இரண்டு மடங்காகிவிட்டது. கஞ்சியில் உப்புக் குறைந்தால் கத்தல். வேட்டி வெளுப்பு போதவில்லை என்றால் கத்தல். கொடியில் துணி காற்றில் விழுந்தால்கூட மனைவியிடம்தான் கத்துவேன், என்னமோ காற்றை அவள் கூலிக்கு வைத்த மாதிரி.

பங்குனியில் ஒரு நாள் காலை கச்சேரிக்குக் கிளம்பித் தெருவில் இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை ஒன்று விளையாடிக்கொண்டிருந்தது. அது கட்டியிருந்தது என் மகளுடைய பச்சைப் பாவாடை. எனக்கு எங்கிருந்து அப்படி வந்ததோ தெரியாது. அந்தப் பிள்ளையின் தாயாரைக் கூப்பிட்டு, "கழட்டுங்க அத, இப்பவே கழட்டுங்க!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். பிள்ளை மிரண்டு அழுதது. அந்த அம்மாள் பாவாடையைக் கழற்றி, மடித்து, எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இத்தனை வயதாகியும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

உள்ளே வந்து மனைவியிடம் பாய்ந்தேன். "யாரக் கேட்டு எடுத்துக் குடுத்த?"

"பெட்டியத் தொறந்தா மேலயே கெடக்கு. என்னால பாக்க முடியலங்க. சும்மா கெடந்து என்ன செய்யப் போகுது, ஒரு புள்ள உடுத்தட்டுமேன்னு குடுத்தேன்" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். ஆனால் கைக்கு எட்டிய வெண்கலச் சொம்பை நான் எறிந்துவிட்டேன். நிலைப்படியில் பட்டுத் தெறித்து அவள் காதோரம் கீறிவிட்டது. அவள் அழவில்லை. தகப்பனாருக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். மூன்றாம் நாள் என் மாமனார் ஆவுடையார்கோவிலிலிருந்து வந்துவிட்டார். அது அப்போது பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தது. எங்கள் சமஸ்தானத்திலிருந்து போனால் அசலூர் மாதிரித்தான்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். கிளம்பும்போது, "மாப்ளே, ஒங்க கோவம் எறங்கட்டும். எறங்குனதும் வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"எறங்கிருச்சுன்னு எப்படித் தெரியுமாம்?" என்று இடக்காகக் கேட்டேன்.

"அது ஒங்களுக்குத்தான் தெரியணும்."

மனைவி வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முதல் வீட்டில் நான் ஒண்டிக்கட்டை. அரைவேக்காட்டுச் சோறும் சுட்ட அப்பளமுமாக ஒரு வாரம் ஓடியது. என் சகா குமாஸ்தா ஒருவர் இருந்தார், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. மாமனார் சொன்னதை அவரிடம் ஆத்திரத்தோடு சொன்னபோது, "ஏன்யா, மழைய சென்ட்டு கணக்குல அளக்குறீரு. ஒம்ம கோவத்த அளக்கத் தெரியலன்னா எப்படி?" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

காகிதத்துக்குப் பஞ்சமான காலம். கச்சேரியில் கழித்துப் போட்ட பழைய அச்சடித்த பாரங்களை வாங்கி, எழுதாத பின்பக்கம் மேலே வரும்படி தைத்து ஒரு நோட்டு செய்தேன். மூன்று கட்டம் போட்டேன். நாள், கோபத்தின் அளவு, காரணம். அளவுக்கு நானே ஒரு சட்டமும் வகுத்தேன். முணுமுணுத்தால் பத்து சென்ட். குரல் உயர்ந்தால் அரை அங்குலம். சாமானை எறிந்தால் ஒரு அங்குலம். கை நீட்டினால் மூன்று. தினம் காலை மழை ரிஜிஸ்தரை எழுதி முடித்த கையோடு இதையும் எழுதுவேன். 'நேற்று அறுபது சென்ட், பேனா முள் முறிந்தது.' 'நேற்று ஒரு அங்குலம் பத்து, பால் திரிந்தது, பாத்திரத்தை எறிந்தேன்.' நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு அப்போது அது வாழ்வா சாவா என்கிற விஷயம். வீடு வீடாக இல்லை. அவள் வராமலே போய்விட்டால் என்ன செய்வேன் என்ற திகில் என்னை விடவே இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, பலன் இருந்தது. நாளைக் காலையில் எழுத வேண்டுமே என்ற நினைப்பிலேயே பல தடவை வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கினேன். சித்திரையில் பாதி நாள் பத்து சென்ட்டுக்குள் அடங்கியது. வைகாசியில் சோம்பல் வந்துவிட்டது. தினம் எழுதுவதை விட்டுவிட்டேன். ஆனால் அவளைக் கூட்டிவர வேண்டுமே? வைகாசி கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்து, அந்த மாசம் முழுவதற்கும் வரிசையாக 'இல்லை, இல்லை, இல்லை' என்று எழுதி முடித்தேன். கோடை மழைக்கு எழுதுகிற அதே வழக்கம்தான். உண்மையிலேயே கோபம் குறைந்துதான் இருந்தது, அதனால் பொய் என்றும் தோன்றவில்லை.

நோட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். அந்த நாளில் பெட்ரோல் கிடையாது, கரி போட்டு ஓட்டுகிற பஸ். பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அறந்தாங்கி வரை அப்படித் தள்ளியும் ஏறியும் போய், அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து ஆவுடையார்கோவில் போய்ச் சேர்ந்தேன். மாமனார் வீட்டில், "வாங்க மாப்ளே" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். இலை போட ஏற்பாடு நடந்தது. நான் மனைவியைத் தனியே அழைத்து, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி நோட்டை நீட்டினேன்.

அவள் நாலாவது வரை படித்தவள். விரலை வைத்து எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பாள். முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் படித்தாள். பால் திரிந்த இடத்தில் அவள் உதடு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. எனக்குத் தெம்பு வந்தது. வைகாசிப் பக்கத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இந்தப் பக்கம் முச்சூடும் ஒரே நாள்ல எழுதுனதா?" என்றாள்.

யுத்த காலத்து மை, வில்லையைத் தண்ணீரில் கரைத்துக்கொள்வது. ஒரு நாள் கரைத்தது நீலமாக இருக்கும், மறுநாள் சாம்பலாக இருக்கும். முந்தைய பக்கங்களில் வரிக்கு வரி நிறம் மாறியிருந்தது. வைகாசி மாசம் மட்டும் மேலிருந்து கீழ் வரை ஒரே சாம்பல். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

அவள் அதைப் பெரிதுபண்ணவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "உப்பு இருக்கு, பாலு இருக்கு, பேனா முள்ளு இருக்கு. நம்ம புள்ள இதுல எங்கிட்டு இருக்கா?"

நோட்டை வாங்கக் கை நீட்டினேன், அவள் விடவில்லை.

"தேடிப் பாத்தேன். ஒரு எடத்துலயும் அவ இல்லையே."

அவ்வளவுதான். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, போட்ட இலையில் உட்காராமல், மாமியார் பின்னாலேயே ஓடி வந்து கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் நடந்துவிட்டேன். மாமனார் வீட்டில் இலையை விட்டு எழுந்து வருவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய கோபத்துக்கு என் சட்டத்தில் அளவே இல்லை. அதை நான் எழுதவும் இல்லை. நோட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

ஆனி மாசம், சர்க்கார் வரிக் கணக்குக்கான பசலி வருஷம் முடிகிற சமயம். வருஷம் பூராவும் பெய்த மழையை மாசவாரியாகக் கூட்டி, சுத்தப் பிரதி எடுத்து மேல் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். ஒரு மத்தியான வேளையில் ரிஜிஸ்தரைப் புரட்டி எழுதிக்கொண்டு வந்தேன். ஐப்பசிப் பக்கம் வந்தது. தேதிகளைப் பார்த்துக்கொண்டே இறங்கிய கண் ஒரு வரியில் நின்றுவிட்டது.

இரண்டு அங்குலம் முப்பத்தொரு சென்ட். இரண்டு அங்குலத்துக்கு மேல் பெய்தால் சிவப்பு மையில் கோடு போட வேண்டும் என்பது உத்தரவு. கோடு போட்டிருந்தது. அளவுகோல் வைத்துப் போட்ட நேர்கோடு. எழுத்து முத்து முத்தாக இருந்தது. என் கையெழுத்து. என் மகள் செத்துப்போன நாள் அது.

அதற்குக் கீழே, மறுநாள் தேதிக்கு எதிரேயும் என் கையெழுத்துதான். மகளைப் புதைத்த மறுநாள் காலை எட்டு மணிக்கும் போயிருக்கிறேன். அதற்கு மறுநாளும் போயிருக்கிறேன். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. யாரும் என்னை வரச் சொல்லவில்லை. நான் வராமலிருந்தால் சேவகரோ அந்தச் சகாவோ பார்த்திருப்பார்கள். பேனாவை வைத்துவிட்டு, வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பரணிலிருந்து நோட்டை எடுத்தேன். கட்டமெல்லாம் விட்டுவிட்டு, குறுக்கே எழுத ஆரம்பித்தேன்.

எழுதியது இதுதான். அன்று காலை மகள் தாயார் மடியில் கிடந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. எட்டு மணி ஆகப்போகிறது என்று எழுந்தேன். "இன்னைக்கு மட்டும் வேற யாராச்சும் பாக்கட்டுமேங்க" என்று மனைவி கெஞ்சினாள். "கண்மாய் ஒடஞ்சா யாரு பதில் சொல்றது, ஒங்கப்பனா?" என்று சீறிவிட்டுக் குடையை எடுத்தேன். குவளை அரை அங்குலம்தான் கொள்ளும். இரண்டு அங்குலத்துக்கு மேல் என்றால் ஐந்து தடவை ஊற்றி அளக்க வேண்டும். ஒரு சொட்டு சிந்தாமல், நிதானமாக, ஐந்து தடவையும் அளந்தேன். கோடு போட்டேன். மை காயும் வரை நின்றேன். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது.

இதை எழுதி நிறுத்தியபோது கடைசியாக ஒரு வரி தானாகக் கைக்கு வந்தது. 'கடமைக்காகப் போகவில்லை, பயந்து ஓடினேன்.' எழுதிவிட்டு நானே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பும் பாலும் பாவாடையும் ஒன்றும் காரணமில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எட்டு மாசமாக நான் கத்தியதெல்லாம் அன்றைக்குக் குடையை எடுத்துக்கொண்டு போனவனைப் பார்த்துத்தான்.

அதற்குப் பிறகு தினமும் எழுதினேன். அளவு கிடையாது, கட்டம் கிடையாது. மகளைப் பற்றி ஞாபகம் வந்ததை எழுதுவேன். சில நாள் ஒரு வரி, சில நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு அழுததோடு சரி. ஆனால் ஒரு நாளும் சேர்த்து எழுதவில்லை. ஆடி பிறந்து இரண்டாம் நாள் மறுபடியும் ஆவுடையார்கோவில் போனேன். இந்தத் தடவை எனக்கு நம்பிக்கை இல்லை. இலையை விட்டு எழுந்து போனவன் எந்த முகத்தோடு போவது? மாமனார் "வாங்க" என்றார், அதோடு நிறுத்திக்கொண்டார்.

மனைவி நோட்டை வாங்கி, விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தாள். என் வார்த்தைகளை அவள் குரலில் எழுத்தெழுத்தாகக் கேட்பது ஒரு தண்டனை. ஒங்கப்பனா என்று நான் கேட்டதைக்கூட விடாமல் படித்தாள். 'பயந்து ஓடினேன்' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னு வச்சிருந்தேன்" என்றாள். "தாங்க மாட்டீங்கன்னு."

"என்னத்த?"

"நீங்க போன பொறவு அவ கண்ணத் தொறந்தா. அப்பா எங்கன்னு கேட்டா. மழை பாக்கப் போயிருக்காகன்னேன். எம்புட்டுப் பேஞ்சிருக்காம்னு கேட்டா. எனக்குத் தெரியலையே தாயி, அப்பா வந்து சொல்லுவாகன்னேன். சரின்னா. அதுக்கப்பறம் பேசல."

என் மனைவி இதைத் தன் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஐந்து மாசம் எனக்குச் சோறு போட்டும், என்னிடம் ஏச்சு வாங்கியும், சொம்படி பட்டும் இருந்திருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கோபத்தில் சொல்லியிருந்தால் நான் செத்திருப்பேன். சொல்லவில்லை. அவளைப் பார்க்க எனக்கு முகமில்லை. வாயில் வந்தது ஒன்றுதான்.

"ரெண்டு அங்குலம் முப்பத்தியோரு சென்ட்டு" என்றேன்.

அதைச் சொல்லி முடிக்கும் முன்பே உடைந்துவிட்டேன். ஆம்பிள்ளை அப்படி அழுது அந்த வீட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவளும் அழுதாள். மகள் போனதற்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

மாமனார் சாயங்காலம், "ஆடி பொறந்திருச்சு மாப்ளே. ஆவணியில நல்ல நாள் பாத்து அனுப்புறோம்" என்றார். நான் தலையாட்டினேன். அதற்குள் என் மனைவி துணிமூட்டையோடு வெளியே வந்துவிட்டாள். "ஆடியாவது ஒண்ணாவது. நான் இவுககூட இப்பவே போறேன்ப்பா" என்றாள். அறந்தாங்கி வரை வண்டியில் வரும்போது மகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். அவளுக்கு முதல் பல் எப்போது முளைத்தது என்பதில் எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்தது. ஊருக்கு வந்ததும் நான் முதலில் போனது பக்கத்து வீட்டுக்குத்தான். பச்சைப் பாவாடையைக் கொடுத்து, அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். வாங்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளை மட்டும் கடைசி வரை என்னைக் கண்டால் ஒளிந்துகொள்ளும்.

எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. நோட்டு எழுதுவதை நான் விடவில்லை. மனைவி இருந்த வரை வாரம் ஒரு தடவை வாங்கிப் படிப்பாள், விட்டுப்போனதைச் சொல்லுவாள். இப்போது அவளும் இல்லை, எழுதியதைப் படிக்க ஆளில்லை. ஆனாலும் தினம் காலையில் உட்காருகிறேன். கோபம் என்று எழுதப் போகும்போதெல்லாம் பேனாவை நிறுத்தி, இது கோபம்தானா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்; இத்தனை வருஷத்தில் அது வெறும் கோபமாக இருந்த நாள் எனக்கு ஞாபகமில்லை.